உழைப்புக்கு அமைத்த ஏணி: இணைய ஆட்டங்களில் படிநிலை வளர்ந்த வரலாறு

மாந்தன் கூடி வாழத் தலைப்பட்ட நாள்தொட்டு விளையாட்டும் அவனோடு வாழ்ந்து வருகிறது. தாயம், பரமபதம், சதுரங்கம் முதலிய பழைய ஆட்டங்கள் யாவற்றிலும் ஒரு பொதுமை உண்டு. ஆட்டம் முடிந்ததும் காய்கள் பெட்டிக்குள் சென்றுவிடும். நேற்று வென்றவனும் நேற்றுத் தோற்றவனும் இன்று ஒரே கட்டத்திலிருந்துதான் தொடங்குவர். நேற்றைய வெற்றியைக் கைமுதலாகக் கொண்டு இன்று வலிமையோடு களம் புகும் உரிமை எவர்க்கும் இல்லை.

இம்மரபை மாற்றி, ஆடுவோன் ஈட்டியதை அவன் கணக்கிலேயே வரவு வைத்து, முதற்படி, இரண்டாம் படி, மூன்றாம் படி என ஒரே நேர்வரிசையில் அவனை மேலேற்றும் முறை 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தோன்றியது. மாணவர் நாவில் இன்று ‘லெவல்’ என வழங்குவது இதுவே. பள்ளி இடைவேளையில், “நான் அறுபதாவது லெவல்” என்று ஒருவன் பெருமிதத்தோடு கூறுவதையும், மற்றவன் அவனை அண்ணாந்து நோக்குவதையும் ஆசிரியர் பலர் கண்டிருப்பர். அச்சொல்லுக்குப் பின்னே அரை நூற்றாண்டு வரலாறு ஒன்று மறைந்து கிடக்கிறது. பிறப்பினால் அமையும் உயர்வு தாழ்வுக்கு மாற்றாகக் கருதப்பட்ட ஓர் ஏணி, காலப்போக்கில் தானே ஓர் உயர்வு தாழ்வைப் படைத்துக்கொண்ட வரலாறு அது.

போர்ப் பலகையில் பிறந்த படி

அமெரிக்காவில் 1960களில், பொம்மைப் படைகளை மேசைமேல் நிறுத்திப் பழம்போர்களை ஆடிப் பார்க்கும் பழக்கம் ஆர்வலர் சிலரிடையே பரவியிருந்தது. கேரி கைகாக்ஸ், ஜெஃப் பெரன் ஆகிய இருவரும் 1971ஆம் ஆண்டில் ‘செயின்மெயில்’ என்னும் போராட்ட விதிநூலை வெளியிட்டனர். அதன் கற்பனைப் பகுதியில் ‘வீரன்’ என்னும் ஒருவன் நான்கு படைவீரர்க்கு ஈடாவான். ‘மாவீரன்’ எட்டுப் பேர்க்கு ஈடாவான். ஆயினும் வீரன் வீரனாகவே இருப்பான். அவன் மாவீரனாக வளர வழியில்லை.

அவ்வழியைத் திறந்தவர் மின்னசோட்டா மாநிலத்தைச் சேர்ந்த டேவ் ஆர்னசன். அவர் நடத்திய ‘பிளாக்மூர்’ ஆட்டத்தில் ஒவ்வொருவரும் ஒரு படையை அன்றி ஒரே ஒரு பாத்திரத்தை ஏற்று நடத்தினர். ஒரு நாள் ஆட்டத்தோடு அக்கதை முடிவதில்லை, வாரந்தோறும் தொடர்ந்தது. தாம் ஏற்ற பாத்திரம் பிழைத்து நிற்பதும் தேர்ச்சி பெறுவதும் ஆடுவோர்க்கு இன்பம் தந்தன. ஆர்னசனும் கைகாக்சும் இணைந்து 1974ஆம் ஆண்டில் ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்னும் ஆட்டத்தை வெளியிட்டபோது, அவ்வளர்ச்சி தெளிவான கணக்காக வடிவம் பெற்றது.

அக்கணக்கு உற்று நோக்கத்தக்கது. போர்வீரன் ஒருவன் இரண்டாம் படியை அடைய 2,000 பட்டறிவுப் புள்ளிகள் வேண்டும். மூன்றாம் படிக்கு 4,000. நான்காம் படிக்கு 8,000. ஐந்தாம் படிக்கு 16,000. ஏறத்தாழ ஒவ்வொரு படியும் முந்திய படியின் இரு மடங்கு. பழைய நூலின் ‘வீரன்’ நான்காம் படியிலும் ‘மாவீரன்’ எட்டாம் படியிலும் அமர்த்தப்பட்டனர். அஃதாவது, முன்பு இருவேறு பிறவிகளாக நின்றவை இப்போது ஒரே மனிதனின் இருவேறு பருவங்களாயின. படிநிலை என்னும் கருத்தின் உயிர்நாடி இதுவே எனலாம்.

பாடக் கணினியில் புகுந்த ஆட்டம்

மேசை ஆட்டம் கணினிக்குள் புகுந்த இடம் ஒரு கல்விக்கூடம் என்பது ஆசிரியர்க்குச் சுவையான செய்தியாகும். இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 1960ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற ‘பிளேட்டோ’ என்னும் கணினி அமைப்பு, பாடம் கற்பிப்பதற்கென்றே உருவாக்கப்பட்டது. 1975ஆம் ஆண்டளவில் மாணவர் சிலர் அதில் நிலவறை ஆட்டங்களை எழுதி வைத்தனர். அவற்றுள் ஒன்றுக்கு ‘பெடிட்5’ என்று பெயர். பாடக் கோப்புக்கென ஒதுக்கிய இடத்தில் அஃது ஒளிந்திருந்தமையால் அவ்வெளிய பெயரே நிலைத்தது. பொறுப்பாளர்கள் அதனை அழித்தனர். எனினும் அவ்வகை ஆட்டங்கள் மீண்டும் மீண்டும் முளைத்தன. 1979ஆம் ஆண்டில் அங்குத் தோன்றிய ‘அவதார்’ என்னும் ஆட்டத்தில் பலர் ஒருங்கே கூடி ஆடவும் வழி இருந்தது. மேசையில் நடுவர் ஒருவர் தாளில் எழுதி வைத்த கணக்கை இப்போது கணினி சலிப்பின்றி, மறதியின்றி எழுதி வைத்தது. வளர்ச்சியை எண்ணாக்கும் முறைக்குக் கணினியைவிட ஏற்ற கணக்கன் வேறு இல்லை.

பிறப்பா, உழைப்பா?

இதே காலத்தில் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் மற்றொரு முளை எழுந்தது. ராய் டிரப்ஷா என்னும் மாணவர் 1978ஆம் ஆண்டில் ‘மட்’ என்னும் ஆட்டத்தை எழுதத் தொடங்கினார். 1980ஆம் ஆண்டில் அப்பணியை ரிச்சர்ட் பார்ட்டில் ஏற்று வளர்த்தார். அதில் படங்கள் இல்லை; யாவும் எழுத்தே. ஆடுவோர் அருஞ்செல்வங்களைத் தேடியெடுத்துச் சதுப்பு நிலத்தில் இடுவர். அதற்குப் புள்ளி பெறுவர். புள்ளிகள் சேரச் சேரப் புதியவன் என்ற நிலையிலிருந்து படிப்படியாக உயர்ந்து, முடிவில் ‘மந்திரவாதி’ ஆவர். மந்திரவாதியானவன் அவ்வுலகை ஆளும் ஆற்றல்களையே பெறுவான்.

இப்படிகளை ஏன் வைத்தனர் என்பதற்குப் பார்ட்டில் பின்னாளில் விளக்கம் தந்துள்ளார். இருவரும் எளிய குடும்பங்களிலிருந்து வந்தவர்கள். பிறந்த குடியும் பேசும் முறையும் ஒருவன் எவ்வளவு உயரலாம் என்பதை முடிவு செய்யும் சமுதாயம் அவர்களுக்குக் கசப்பாக இருந்தது. ஆகவே அவர்கள் படைத்த உலகில் தந்தை யார், ஊர் எது என்று எவரும் கேட்பதில்லை. முயன்றவன் உயர்வான், அவ்வளவே. படிநிலை என்பது வெறும் எண்ணிக்கை அன்று. நீதி வேண்டி நின்ற ஒரு கோரிக்கையும் அதில் கலந்திருந்தது. தோட்டப்புறத்துப் பிள்ளைகள் கல்வி ஒன்றையே பற்றி மேலேறியதைக் கண்ட ஆசிரியர் எவர்க்கும் இவ்வேட்கை எளிதில் விளங்கும்.

ஏணி நீண்ட காலம்

டென்மார்க்கின் கோபனேகன் பல்கலைக்கழகக் கணினித்துறை மாணவர் ஐவர் 1991ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘டிக்குமட்’ இம்மரபை உலகெங்கும் கொண்டு சென்றது. அதில் ஆராய்ச்சியும் புதிரும் பின்தங்கின; பகைவரைக் கொல்லுதல், புள்ளி பெறுதல், படி ஏறுதல் என்னும் சுழற்சியே முதன்மை பெற்றது. நிறுவ எளிதாக இருந்தமையால் பலரும் அதனை அடியொற்றித் தத்தம் ஆட்டங்களை அமைத்தனர்.

மாற்று வழி இல்லாமலில்லை. 1997ஆம் ஆண்டில் வந்த ‘அல்ட்டிமா ஆன்லைன்’ பொதுப்படி என ஒன்றை வைக்கவே இல்லை. தச்சு, மீன்பிடி, வாட்போர் என ஒவ்வொரு திறனும் பயன்படுத்தப் பயன்படுத்தத் தனித்தனியே வளர்ந்தது. சிறந்த தச்சனைச் சிறந்த வாள்வீரனோடு ஒரே அளவுகோலால் அளக்க இயலவில்லை. ஆயினும் 1999ஆம் ஆண்டில் வெளிவந்த ‘எவர்குவெஸ்ட்’ டிக்குமட் வழியையே பின்பற்றிப் பெருவெற்றி கண்டது. அதில் 50 படிகள் இருந்தன. மறு ஆண்டில் அவை 60 ஆயின. ஆட்டத்தில் இறந்தவன் ஈட்டிய புள்ளிகளை இழந்து, சில வேளை ஒரு படி கீழேயும் இறங்க நேர்ந்தது. கொரியாவில் 1998ஆம் ஆண்டில் தோன்றிய ‘லீனியேஜ்’ ஆட்டமும் படிவழியையே கைக்கொண்டது. ‘ரக்னராக்’, ‘மேப்பிள்ஸ்டோரி’ முதலிய கொரிய ஆட்டங்களின் வழியாகவே மலேசிய, சிங்கப்பூர் இளைஞர் பலர் இவ்வேணியை முதன்முதலில் அறிந்தனர்.

2004ஆம் ஆண்டில் வந்த ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’ இவ்வளர்ச்சியின் உச்சம். 2010ஆம் ஆண்டில் அதற்கு 1 கோடியே 20 இலட்சம் சந்தாதாரர்கள் இருந்தனர். அதன் சோதனைக் காலத்து நிகழ்ச்சி ஒன்று கல்வியாளர் கருதத்தக்கது. ஓய்வின்றி ஆடுவோர்க்குச் சிறிது நேரத்திற்குப்பின் புள்ளி பாதியாகக் குறையும் என்று முதலில் விதித்தனர். அதனைத் தண்டனையெனக் கருதி ஆடுவோர் வெறுத்தனர். அமைப்பாளர்கள் கணக்கை மாற்றவில்லை. 100 விழுக்காடு என்றிருந்ததை 200 விழுக்காடு என்றும், 50 என்றிருந்ததை 100 என்றும் மாற்றி எழுதினர். ஓய்வெடுத்து வந்தோர்க்கு இருமடங்கு பரிசு என்று அதற்குப் பெயர் வந்தது. வெறுத்தவர்களே அதனை வரவேற்றனர். ஊக்கம் என்பது எண்ணில் மட்டும் இல்லை, அதனை எடுத்துரைக்கும் முறையிலும் உள்ளது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

ஏணியின் குறைகள்

ஏணி நீள நீள அதன் குறைகளும் வெளிப்பட்டன. முதற்குறை, அது நண்பர்களைப் பிரித்தது. 50ஆம் படியில் நிற்பவனும் 10ஆம் படியில் நிற்பவனும் ஒரே களத்தில் நின்று போரிட இயலாது. ஒருவனுக்கு அறைகூவலாக இருப்பது மற்றவனுக்குச் சாவு. ஒருவனுக்கு ஏற்றது மற்றவனுக்கு விளையாட்டே அன்று. திறமையில் இருவரும் ஒத்திருந்தாலும், நாளொன்றுக்கு ஆறு மணி நேரம் ஒதுக்க வல்லவன், ஒரு மணி நேரமே உடையவனை விட்டு விலகிச் சென்றான். குடிப்பிறப்பின் இடத்தை ஓய்வு நேரம் பிடித்துக்கொண்டது.

இரண்டாவது குறை, உச்சி நிலையாக நிற்கவில்லை. வார்கிராஃப்டின் உச்சப் படி 2004இல் 60. அது 2007இல் 70, 2008இல் 80, 2010இல் 85, 2012இல் 90, 2014இல் 100, 2016இல் 110, 2018இல் 120 என ஏறிக்கொண்டே சென்றது. ஒவ்வொரு முறையும் பழைய உச்சியில் நின்றவர் இடைவழிப் பயணிகளாயினர். அவர்கள் அரும்பாடுபட்டு ஈட்டிய வாளும் கவசமும் மதிப்பிழந்தன. மக்கள் யாவரும் மேலே சென்றுவிட, கீழ்ப்படிகளுக்கென அழகுற அமைத்த காடுகளும் நகரங்களும் வெறிச்சோடின. புதிதாக வருபவன் தனியனாகவே அவற்றைக் கடந்தான்.

மூன்றாவது குறையே கொடிது. ஏணியில் ஏறும் உழைப்பு ஒரு தடையாகத் தோன்றியபோது, அதனை விலைக்கு விற்கும் எண்ணம் பிறந்தது. 2014ஆம் ஆண்டில், வார்கிராஃப்ட் ஆட்டத்தில் ஒரு பாத்திரத்தை நேரே 90ஆம் படிக்கு உயர்த்த 60 அமெரிக்க வெள்ளி விலை குறிக்கப்பட்டது. ஆடுவோர் உறங்கும்போதும் காலக்கணக்கில் திறன் வளரும் முறையை 2003ஆம் ஆண்டிலேயே கொண்டிருந்தது ‘ஈவ் ஆன்லைன்’. அங்கு முந்தி வந்தவரை எட்டிப் பிடிக்கப் பிந்தி வந்தவர்க்கு வழியில்லை. 2016ஆம் ஆண்டில் அங்கும் திறன்புள்ளிகள் சந்தைக்கு வந்தன. பிறப்பை வெல்ல உழைப்புக்கு அமைத்த ஏணியில், பொருளுடையோர் பாதியிலிருந்தே ஏறத் தொடங்கினர்.

திருத்த முயற்சிகள்

அமைப்பாளர்கள் வாளாவிருக்கவில்லை. 2004ஆம் ஆண்டில் தோன்றிய ‘சிட்டி ஆஃப் ஹீரோஸ்’ கீழ்ப்படி நண்பனை மேற்படி நண்பனுக்கு அருகே தற்காலிகமாக உயர்த்தி, இருவரும் தோளோடு தோள் நின்று ஆடச் செய்தது. 2005ஆம் ஆண்டில் வந்த ‘கில்ட் வார்ஸ்’ 20ஆம் படியோடு ஏணியை நிறுத்திக்கொண்டது; அதற்குமேல் உயரம் இல்லை, அகலமே உண்டு. புதிய ஆற்றல்களைத் தேடிச் சேர்த்துப் பொருத்தமுறப் பயன்படுத்துவதே அங்கு வளர்ச்சியாயிற்று. 2012ஆம் ஆண்டில் வந்த அதன் இரண்டாம் ஆட்டம், எளிய நிலப்பகுதிக்குள் நுழையும் வலியவனை அந்நிலத்திற்கேற்பத் தாழ்த்தியது. ‘எல்டர் ஸ்க்ரோல்ஸ் ஆன்லைன்’ 2016ஆம் ஆண்டில் தன் உலகம் முழுவதையும் எப்படியினர்க்கும் திறந்துவிட்டது. இறுதியில், 2020ஆம் ஆண்டில் வார்கிராஃப்டே தன் ஏணியை வெட்டிச் சுருக்கியது. 120ஆம் படியில் நின்றவர் ஒரே நாளில் 50ஆம் படியினர் ஆயினர்.

ஆயினும் ஏணி முற்றிலும் வீணன்று என்பதையும் வரலாறே காட்டுகிறது. 2019ஆம் ஆண்டில் வார்கிராஃப்டின் பழைய வடிவம் மீண்டும் திறக்கப்பட்டபோது, நெடிய, கடினமான அந்த 60 படிகளை ஏறுவதற்கென்றே பெருந்திரளானோர் திரும்பி வந்தனர். எல்லாரும் ஒரே நாளில் அடிப்படியிலிருந்து தொடங்கினர். வழியெங்கும் துணை இருந்தது. வெறிச்சோடிய காடுகள் நிரம்பின. அவர்கள் ஏணியை வெறுக்கவில்லை. ஏணியில் தனித்து விடப்பட்டதையே வெறுத்தனர்.

வரலாறு உணர்த்துவது

படி என்பது அளவுகோல். வளர்ச்சியை அது காட்டலாம். ஆனால் அதுவே வளர்ச்சி ஆகாது. ஆர்னசனின் மேசையில் படி என்பது ஒரு பாத்திரம் வாழ்ந்த வாழ்வின் சுவடு. பின்வந்த ஆட்டங்களில் சுவடே குறிக்கோளாகி, வாழ்வு அதற்கு விலையாயிற்று. ஒன்றன்மேல் ஒன்றாக மட்டும் அடுக்கிய படிகள் முந்தி வந்தவரையும், ஓய்வுடையவரையும், இறுதியில் பொருளுடையவரையும் உயர்த்தின. அதனைக் கண்டு திருத்த முனைந்தோர் யாவரும் செய்த செயல் ஒன்றே: கீழிருப்பவனும் மேலிருப்பவனும் ஒரே களத்தில் கூடி நிற்க இடம் அமைத்தனர்.

வகுப்பும் தேர்வும் தரவரிசையும் கொண்டு மாணவரை அளக்கும் ஆசிரியர் பெருமக்கள் இவ்வரலாற்றை விளையாட்டுச் செய்தி என்று ஒதுக்கிவிட வேண்டியதில்லை. “எத்தனையாவது லெவல்?” என்னும் வினாவோடு, “உன்னோடு யார் ஏறினர்?” என்னும் வினாவையும் மாணவனிடம் கேட்கலாம். முன்னதற்கு விடை ஓர் எண்; பின்னதற்கு விடை சொல்லும்போதுதான் அவன் எதைக் கற்றான் என்பது புலப்படும்.