தராசுப் பெட்டியும் மூங்கில் ஆணியும்

தூத்துக்குடிக் கடலில் 1955 முதல் 1961 வரை முத்துச் சலாபம் நடந்தது. அதற்குப் பிறகு நடக்கவில்லை. முத்தோடு சேர்ந்து அதை நிறுத்தவர்களின் சாமான்களும் பரணுக்குப் போய்விட்டன. அப்படி ஒன்று கீழவைப்பார் வீட்டிலிருந்து என்னிடம் வந்தது: ஒரு சாண் நீளமுள்ள பூவரசம் பலகைப் பெட்டி.

பேரப்பிள்ளைகள் அதை அஞ்சறைப்பெட்டி என்றே நினைத்தார்கள். அது முத்துத் தராசுப் பெட்டி. பித்தளைத் தட்டுகள் இரண்டுக்கும் குழிகள், மஞ்சாடி விதைக்கு ஓர் அறை. 2 குன்றிமணி 1 மஞ்சாடி, 20 மஞ்சாடி 1 கழஞ்சு. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் முத்து நகைகளின் எடை இந்தக் கணக்கில்தான் இருக்கிறது. போர்த்துக்கீசியர் காலத்து ஏழு பரதவர் துறைகளில் ஒன்றான வைப்பாருக்கு இந்தக் கணக்கு புதிதல்ல.

பெட்டியின் மூலைகள் விட்டிருந்தன. பார்த்தபோதுதான் தெரிந்தது: பழைய மூலைகளில் மூங்கில் ஆணி, பிற்பாடு யாரோ பழுது பார்த்த மூலையில் இரும்பு ஆணி. உப்புக் காற்றில் துருவேறி, பருத்து, பலகையைப் பிளந்தது அந்த இரும்புதான். மூங்கில் ஆணி மரத்தோடு சேர்ந்து ஈரத்தில் உப்பும், வெயிலில் வற்றும், மரத்தைப் பகைக்காது.

என்னிடம் இருந்தது ஒரு சிற்றுளி, பேனாக்கத்தி, உப்புத்தாள். துளை போட, குடைக்கம்பியின் நுனியைத் தட்டித் தீட்டி, மூங்கில் வில்லில் கயிறு கட்டி, மேலே சிரட்டையை வைத்து அழுத்திச் சுற்றினேன். பழைய தச்சர்களின் துரப்பணம் இதுதான். முத்துக்குத் துளை போட்டதும் இதே முறையில்தான். கொழும்பில் பாதிரியாராக இருந்த ஜேம்ஸ் கார்டினர், இலங்கையைப் பற்றி 1807-இல் வெளியிட்ட நூலில் அதை விவரிக்கிறார்: மூன்று கால் மரக்கட்டையின் குழியில் முத்தைப் பதித்து, வில்லால் ஊசியைச் சுழற்றி, இடையிடையே சுண்டுவிரலால் தண்ணீர் தொட்டு விடுவார்களாம்.

காய்ந்த பசையைச் சுரண்டிவிட்டு, புதுப்பசை தடவி, பெட்டியைச் சுற்றி நூல்கயிறு கட்டி, குச்சி செருகி முறுக்கினேன். இறுக்கிப் பிடிக்கும் கருவி இல்லாதவர்களுக்கு அது போதும். மூலைக்கு மூலை குறுக்கே நூல் பிடித்து இரண்டு அளவும் சமமா என்று பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் மூடி உட்காராது. மறுநாள் துளையிட்டு, நன்கு காய்ந்த மூங்கிலைத் துளையைவிட மயிரிழை தடிப்பாகச் சீவி அடித்து, மிச்சத்தை அறுத்துத் தேய்த்தேன்.

முத்து வியாபாரத்தைப் பற்றி எங்கள் குடும்பத்தில் எழுதிவைத்த தாள் ஒன்றுகூட இல்லை. இந்தக் குழிகளும் அந்த விதை அறையும்தான் சாட்சி. பழைய பெட்டி உங்கள் வீட்டிலும் இருக்கும். விறகுக்குப் போடுமுன், புது ஆணி அடிக்குமுன், உள்ளே என்ன அறை, எதற்கு அந்த அறை என்று வீட்டுப் பெரியவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். மரத்தை எப்போது வேண்டுமானாலும் ஒட்டலாம். சொல்ல ஆள் இருக்கும்போதுதான் கேட்க முடியும்.