ஆட்டக்களத்தில் ஒற்றாடல்

திருக்குறளின் பொருட்பாலில் ஒற்றாடல் என்றோர் அதிகாரம் உண்டு. அரசுப் பணியாளர், அரசனின் சுற்றத்தார், பகைவர் என்றிவர்களை ஆராய்வதே ஒற்று என்பது வள்ளுவர் தரும் விளக்கம். விளையாட வந்தவனையும் வேவு பார்க்க வேண்டும் என்ற எண்ணம் அந்த அதிகாரத்தில் இல்லை. அது கணினி விளையாட்டின் காலத்தில் தோன்றியது.

2004ஆம் ஆண்டு இறுதியில் பிளிசார்டு நிறுவனம் வெளியிட்ட 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' ஓராண்டுக்குள் பல இலட்சம் பேரை ஈர்த்தது. கூட்டம் பெருகியபோது ஏமாற்றுவோரும் பெருகினர். அவர்களைப் பிடிக்க 'வார்டன்' என்ற நிரல் ஆட்டத்தோடு சேர்த்து ஆடுவோரின் கணினியில் இயக்கப்பட்டது. வார்டன் என்றால் காவலர். அந்தக் காவலர் ஆட்டத்தோடு நின்றுவிடவில்லை என்பதைக் கிரெக் ஹோக்லண்ட் என்ற கணினிப் பாதுகாப்பு வல்லுநர் 2005 அக்டோபரில் வெளிப்படுத்தினார். திறந்திருக்கும் ஒவ்வொரு சாளரத்தின் தலைப்பையும் அது படித்தது. படித்ததை எண்ணாகச் சுருக்கி, தடைசெய்யப்பட்ட நிரல்களின் எண்களோடு ஒப்பிட்டது. ஒருவர் பார்க்கும் இணையதளத்தின் பெயரும் அரட்டைக்கு வந்த நண்பரின் பெயரும் அந்தத் தலைப்புகளில் இருக்கக்கூடும் அல்லவா? தனிப்பட்ட விவரம் எதையும் திரட்டவில்லை என்றும், இச்சோதனை உரிம ஒப்பந்தத்திலேயே சொல்லப்பட்டிருக்கிறது என்றும் நிறுவனம் பதிலளித்தது. அந்த நீண்ட ஒப்பந்தத்தைப் படித்துவிட்டு ஆடியவர் எத்தனை பேர் என்று யாரும் கேட்கவில்லை.

ஹோக்லண்ட் ஒரு மாற்று நிரலையும் எழுதினார். வார்டன் எதை எதைப் படிக்கிறது என்று காட்டுவதே அதன் வேலை. ஓர் ஒற்றன் தந்த செய்தியை மற்றோர் ஒற்றனால் சரிபார்க்க வேண்டும் என்று வள்ளுவர் அரசனுக்குச் சொன்னார். இங்கே அந்த வழியைக் கைக்கொண்டது குடிமகன்.

அதே நிறுவனம் 2010 ஜூலை 6 அன்று அடுத்த அடியை எடுத்து வைத்தது. தன் விவாத மன்றங்களில் எழுதுவோர் இனிப் புனைபெயரில் அல்லாமல் இயற்பெயரிலேயே எழுத வேண்டும் என்று அறிவித்தது. வசைகளைக் குறைப்பது அதன் நோக்கம். இதில் தீங்கில்லை என்று காட்ட ஊழியர் ஒருவர் தம் முழுப்பெயரை வெளியிட்டார். சற்று நேரத்தில் அவருடைய சொந்த விவரங்களை மற்றவர்கள் தேடியெடுத்துப் பரப்பிவிட்டனர். பெயர் வெளிப்பட்டால் தொல்லை வீடுவரை தொடரும் என்று பெண்கள் பலர் எதிர்த்தனர். மூன்றே நாளில், ஜூலை 9 அன்று, திட்டம் கைவிடப்பட்டது. அகத்திணை மாந்தரின் இயற்பெயரைச் சுட்டலாகாது என்று தொல்காப்பியம் விதித்ததை இங்கே நினைத்துக்கொள்ளலாம். பெயர் மறைவது எப்போதும் கள்ளத்தனம் ஆகாது. சில வேளைகளில் மனம் திறப்பதற்கு அதுவே நிழல்.

நிறுவனங்களோடு இது நிற்கவில்லை. ஸ்னோடன் வெளிக்கொணர்ந்த ஆவணங்கள், அமெரிக்க, பிரிட்டிஷ் உளவுத்துறையினர் இத்தகைய ஆட்ட உலகங்களில் உலவியதை 2013 டிசம்பரில் காட்டின. 'செகண்ட் லைஃப்' உலகில் உளவாளிகள் மிகுந்து, ஒருவரோடு ஒருவர் மோதிக்கொள்ளாதிருக்கத் தனிக்குழு தேவைப்பட்டதாம்! ஓர் ஒற்றனை மற்றோர் ஒற்றன் அறியாதபடி ஆள வேண்டும் என்ற குறளுக்கு இதைவிட வேடிக்கையான உரை கிடைக்காது. பயங்கரவாதி எவரும் இதனால் பிடிபட்டதாக அந்த ஆவணங்களில் குறிப்பில்லை.

வார்டனின் வழித்தோன்றல்கள் இன்னும் ஆழம் சென்றன. 2020இல் வந்த 'வாலரண்ட்' ஆட்டத்தின் காவல் நிரல், ஆட்டத்தைத் திறக்கும் முன்பே, கணினி விழிக்கும்போதே தானும் விழித்தது. 2022 டிசம்பரில் 'ஃபோர்ட்நைட்' ஆட்டத்தின் எபிக் நிறுவனம், பெற்றோர் இசைவின்றிப் பதின்மூன்று வயதுக்குட்பட்ட சிறுவரின் விவரங்களைத் திரட்டியதாக அமெரிக்க வணிக ஆணையம் சாட்டிய குற்றத்துக்கு 27.5 கோடி டாலர் செலுத்த இசைந்தது. 1998இலேயே இயற்றப்பட்ட சிறுவர் தனியுரிமைச் சட்டம் இருந்ததால்தான் அந்தத் தண்டம் இயன்றது.

ஏமாற்றுவோரைத் தடுக்கக் காவல் வேண்டும் என்பதை நேர்மையாக ஆடும் எவரும் மறுக்கமாட்டார்கள். ஆனால் காவலுக்கு எல்லை வேண்டும். அந்த எல்லையைக் காவலரே வரைந்துகொள்ள விடக்கூடாது. 2005இல் ஒரு தனிமனிதர் பார்த்துச் சொன்னார். 2010இல் ஆடுவோர் திரண்டு மறுத்தனர். 2022இல் சட்டம் பேசியது. இம்மூன்றில் ஒன்றும் இல்லாத இடத்தில் ஒற்று தானாக ஓய்ந்ததாக இந்த வரலாற்றில் சான்றில்லை.