யொசெமிற்றி வாசலில் ஒரு நீண்ட வரிசை

கோடை காலத்தில் யொசெமிற்றி தேசியப் பூங்காவுக்குச் சென்று மலையேற விரும்புபவர்கள், பனி உருகுவதற்கு முன்பே, மார்ச் மாதத்திலேயே தமது அதிர்ஷ்டத்தைச் சோதித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஹாஃப் டோம் என்ற பெருங்குன்றின் உச்சிக்குச் செல்வதற்கான பிரதான லொத்தர் விண்ணப்பங்கள் அந்த மாதத்தில்தான் ஏற்கப்படுகின்றன. ஒரு விண்ணப்பத்தில் ஆறு பேர் வரை சேரலாம். ஏழு திகதிகள் வரை கேட்கலாம். முடிவு ஏப்ரலில் வரும். பள்ளத்தாக்கில் கூடாரமடித்துத் தங்கும் இடங்களில் பெரும்பாலானவை ஐந்து மாதங்களுக்கு முன்பாக, 15 ஆம் திகதி காலை 7 மணிக்கு இணையத்தில் திறக்கப்பட்டுச் சில நிமிடங்களில் முடிந்துபோகின்றன. காட்டுக்குள் இரவு தங்கி நடப்பவர்களுக்கு வேறொரு லொத்தர். 60 வீதமான அனுமதிகள் அந்த லொத்தர் மூலம் 24 வாரங்களுக்கு முன்னரும், எஞ்சிய 40 வீதம் லொத்தர் இன்றி ஒரு வாரத்துக்கு முன்னரும் வழங்கப்படுகின்றன.

இவற்றையெல்லாம் நான் அறிந்துகொண்டதற்குக் காரணம், கலிபோர்னியாவில் வசிக்கும் பெறாமகன் ஒருவரின் வீட்டில் ரொறன்ரோவிலிருந்தும் பாரிஸிலிருந்தும் வரும் உறவினர்கள் கோடையில் ஒன்றுகூடுவது என்று தீர்மானித்து, பயணத் திட்டத்தைத் தயாரிக்கும் பொறுப்பை என்னிடம் ஒப்படைத்தமையாகும். ஓய்வுபெற்ற பத்திரிகையாளனுக்கு வேறு வேலை இருக்காது என்பது உறவினர்களின் பொதுவான அபிப்பிராயம். திகதிகளைத் தேட ஆரம்பித்த நான், வழக்கம்போல, வரலாற்றுக்குள் போய் விழுந்தேன். ஒரு மலையைப் பார்ப்பதற்கு ஏன் இத்தனை வரிசைகள் என்ற கேள்விக்குப் பதில் அங்குதான் இருந்தது.

பூங்காவின் பரப்பளவு ஏறத்தாழ 3,000 சதுர கிலோமீற்றர். அதில் 90 வீதத்துக்கும் மேற்பட்ட பகுதி, 1984 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வீதிகளோ கட்டடங்களோ அமைக்கப்படக்கூடாத வனமாகும். ஆனால் வருபவர்களில் மிகப் பெரும்பாலானோர் தேடி வருவது ஏறத்தாழ 7 மைல் நீளமும் ஒரு மைல் அகலமும் கொண்ட ஒரு பள்ளத்தாக்கையே. நெரிசல் என்பது பூங்காவில் அல்ல, அந்தப் பள்ளத்தாக்கில்தான். 1954 இல் ஆண்டு வருகை முதற்தடவையாக 10 இலட்சத்தைத் தொட்டது. 2016 இல் அது 50 இலட்சத்தைத் தாண்டியது.

இதை யாரும் எதிர்பார்த்திருக்கவில்லை என்று சொல்வதற்கில்லை. 1864 ஜூன் 30 ஆம் திகதி, உள்நாட்டு யுத்தம் நடந்துகொண்டிருந்த வேளையில், ஜனாதிபதி ஆபிரகாம் லிங்கன் இந்தப் பள்ளத்தாக்கையும் மரிப்போசா பெருமரச் சோலையையும் பொதுமக்களின் பாவனைக்கென்று நிரந்தரமாக ஒதுக்கி, கலிபோர்னிய மாநிலத்திடம் ஒப்படைக்கும் சட்டத்தில் கையொப்பமிட்டார். அதனை நிர்வகிக்க அமைந்த ஆணைக்குழுவுக்குத் தலைமை வகித்தவர் பிரெடரிக் லோ ஓம்ஸ்டெட். நியூயோர்க் நகரின் சென்ட்ரல் பார்க்கை வடிவமைத்த இருவரில் ஒருவர். 1865 ஓகஸ்ற் மாதத்தில், பள்ளத்தாக்கில் வைத்தே, அவர் தமது அறிக்கையைச் சக ஆணையாளர்களுக்கு வாசித்துக் காட்டினார்.

அந்த அறிக்கையைப் படிக்கும்போது ஆச்சரியமாக இருக்கிறது. அப்போது அங்கு வந்தவர்கள் சில நூறு பேர்தான். அந்த நூறுகள் ஆயிரங்களாகும், ஒரு நூற்றாண்டில் மில்லியன் கணக்கில் எண்ணப்படும் என்று ஓம்ஸ்டெட் எழுதினார். ஆகவே இன்று ஒருவர் அறியாமல் செய்யும் சிறு சேதத்தையும் அந்த எண்ணிக்கையால் பெருக்கிப் பார்க்க வேண்டும் என்பது அவரது வாதம். மற்றொன்றையும் அவர் சொன்னார். ஐரோப்பாவில் மிகச் சிறந்த இயற்கைக் காட்சிகள் ஒரு சில செல்வந்தர்களின் தனிச்சொத்தாக இருக்கின்றன. அவற்றைச் சாதாரண மக்களுக்குத் திறந்துவைப்பது குடியரசொன்றின் கடமை என்றார். கூட்டம் வரவேண்டும், ஆனால் கூட்டத்தால் அழிந்துவிடக்கூடாது. யொசெமிற்றியில் கடந்த 160 ஆண்டுகளாக நடந்துவரும் தகராறு அனைத்தும் இந்த ஒரு வாக்கியத்துக்குள் அடங்கிவிடும்.

அறிக்கை சட்டமன்றத்தின் முன் வைக்கப்படவேயில்லை. ஆணைக்குழுவில் இருந்த சிலரே அதனை அமுக்கிவிட்டார்கள். அது மீண்டும் கண்டெடுக்கப்பட்டு அச்சில் வந்தது 1952 இல். அறிக்கைகள் இலாச்சிக்குள் உறங்கும் வழக்கம் நமது நாட்டுக்கு மட்டும் உரியதல்ல என்பதில் எனக்கு ஒரு சிறு ஆறுதல்.

ஆனால் ஓம்ஸ்டெட்டின் கதையோடு மட்டும் நிறுத்திக்கொண்டால், அது பாதி வரலாறே. பொதுமக்களுக்கு என்று ஒதுக்கப்பட்ட அந்த நிலம் எவ்வாறு வெறும் நிலமாயிற்று?

1851 மார்ச் மாதத்தில், தங்க வேட்டைக்காரர்கள் பெருகிய காலத்தில், ஜேம்ஸ் சவேஜ் என்ற வியாபாரியின் தலைமையில் மரிப்போசா பட்டாளம் என்ற ஆயுதக்குழு பள்ளத்தாக்கினுள் நுழைந்தது. அங்கு வாழ்ந்தவர்கள் அவானீச்சி மக்கள். தமது இடத்தை அவர்கள் அவானி என்று அழைத்தார்கள். யொசெமிற்றி என்பது அயலவர்கள் அச்சத்தோடு அவர்களுக்கு வைத்த பெயர். கொல்பவர்கள் என்ற பொருள் உடையது என மொழியியலாளர்கள் கூறுகின்றனர். பட்டாளம் குடிசைகளையும், மக்களின் பிரதான உணவான ஓக் விதைச் சேமிப்புகளையும் எரித்தது. குளிர் காலத்துக்கான உணவு எரிந்தால் மக்கள் தாமாகவே வெளியேறுவார்கள் என்பது கணக்கு. அவ்வாண்டு மே மாதத்தில் அவர்களது தலைவர் தெனாயாவின் மகன்களில் ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டார்.

பிடிபட்ட மக்களை மலைமேலிருந்த ஓர் ஏரிக்கரை வழியாகக் கொண்டுவந்தபோது, பட்டாளத்தில் இருந்த லஃபாயெற் பனல் என்பவர், இந்த ஏரிக்கு உங்கள் பெயரையே சூட்டுகிறோம் என்று தெனாயாவிடம் பெருமிதத்துடன் கூறினார். அதற்கு ஏற்கனவே பெயர் இருக்கிறதே, பைவியாக் என்றுதானே நாங்கள் அழைக்கிறோம் என்று முதியவர் பதிலளித்தார். இதனை எழுதி வைத்தவர் பனலே. ஊர்ப் பெயர்கள் மாறுவது பற்றி நம்மவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. இன்றும் வரைபடங்களில் அது தெனாயா ஏரிதான்.

தெனாயா பிரெஸ்னோ நதிக்கரையில் அமைந்த ஒதுக்கிடத்தில் வைக்கப்பட்டார். அங்கு அவரால் இருக்க முடியவில்லை. ஒழுங்காக நடந்துகொள்வேன் என்று வாக்குறுதி அளித்த பின்னர், குடும்பத்துடன் மலைக்குத் திரும்ப அனுமதிக்கப்பட்டார். அனுமதி பெற்று யொசெமிற்றிக்குள் சென்ற முதலாவது மனிதர் என்று, நானறிந்த வரையில், அவரைத்தான் சொல்ல வேண்டும். 1853 இல் அவர் கொல்லப்பட்டார். இரண்டு ஆண்டுகள் கழித்து, 1855 இல், ஜேம்ஸ் ஹட்சிங்ஸ் முதலாவது உல்லாசப் பயணிகளை அங்கு அழைத்து வந்தார்.

வந்தவர்கள் கண்டு வியந்த விரிந்த புல்வெளிகளும், பூந்தோட்டம் போன்று ஓக் மரங்கள் நின்ற வெளிகளும் தானாக அமைந்தவை அல்ல. மக்கள் ஆண்டுதோறும் அளவாகத் தீயிட்டுப் பராமரித்தவை. அவர்கள் போன பின்னர் ஊசியிலை மரங்கள் நெருங்கி வளர்ந்து வெளிகளை மூடத் தொடங்கின. பெருமரச் சோலையின் காவலராக நெடுங்காலம் இருந்த காலன் கிளார்க் அந்நூற்றாண்டு முடிவதற்கு முன்பே இதைக் கவனித்து எழுதியிருக்கிறார்.

அதன் பின்னர் நடந்தவற்றைச் சுருக்கமாகவே சொல்லலாம். 1890 இல் சுற்றியுள்ள மலைப்பகுதி தேசியப் பூங்காவாயிற்று. 1907 இல் ரயில் பாதை எல் போர்ட்டல் வரை வந்தது. 1913 இல் மோட்டார் வண்டிகளுக்குக் கதவு திறக்கப்பட்டது. எதிர்காலத்தைத் தீர்மானித்தது அதுதான் என்பேன். இரவுதோறும் கிளேசியர் முனையிலிருந்து தணற்கட்டிகளைத் தள்ளிவிட்டுக் காட்டிய நெருப்பருவியைப் பார்க்கத் திரண்டவர்களின் காலடியில் புல்வெளி நசுங்கியதால், 1968 ஜனவரியில் அந்தக் காட்சி நிறுத்தப்பட்டது. 1970 ஜூலை 4 ஆம் திகதி ஸ்டோன்மன் புல்வெளியில் திரண்ட இளைஞர்களைக் குதிரைகளில் வந்த காவலர்கள் விரட்டியபோது பெரும் கலவரம் மூண்டது. அதே ஆண்டில் பள்ளத்தாக்கின் கிழக்கு அந்தத்தில் வாகனங்கள் தடுக்கப்பட்டு இலவச பஸ் சேவை ஆரம்பமாயிற்று. 1980 ஆம் ஆண்டுத் திட்டம், தனியார் வாகனங்களைப் பள்ளத்தாக்கிலிருந்து முற்றாக அகற்றுவதே இறுதி நோக்கம் என்று அறிவித்தது. இன்று காலை 9 மணிக்குப் பின்னர் அங்கு வாகனத் தரிப்பிடம் தேடி அலைபவர்கள் அந்தத் திட்டத்தின் கதியைத் தாமே அறிந்துகொள்ளலாம்.

ஹாஃப் டோமின் கதை தனியாகச் சொல்லத்தக்கது. அதன் உச்சியில் மனிதக் கால் ஒருபோதும் படாது என்று புவியியலாளர் ஜோசையா விற்னி எழுதி வைத்தார். 1875 ஒக்ரோபரில் ஜோர்ஜ் அன்டர்சன் என்பவர் பாறையில் துளையிட்டு, இரும்பு முளைகளை அடித்து, ஒவ்வொன்றாகப் பற்றி ஏறிவிட்டார். 1919 இல் சியரா கழகம் அங்கு இரும்பு வடங்களைப் பூட்டியது. சிவனொளிபாத மலையில் சங்கிலியைப் பிடித்து ஏறிய நம் முன்னோருக்கு இது புதுமையாகத் தோன்றியிராது. ஆனால் வடம் இருந்தால் கூட்டமும் வரும். 2010 க்கு முந்திய ஆண்டுகளில் சனி, ஞாயிறுகளில் ஒரே நாளில் ஆயிரம் பேருக்கு மேல் அந்த 400 அடி வடத்தில் வரிசை கட்டினார்கள். இடி முழங்கினாலும் மேலே நிற்பவரால் இறங்க முடியாது. கீழே நிற்பவர் வழிவிட இடமில்லை. 2009 இல் மழையில் ஒருவர் வழுக்கி வீழ்ந்து இறந்தார். 2010 இல் வார இறுதிகளுக்கும், 2011 முதல் எல்லா நாட்களுக்கும் அனுமதி கட்டாயமாயிற்று. இப்போது நாளொன்றுக்கு ஏறத்தாழ 300 பேர்.

1990 களில் வவுனியாவில் பாஸுக்காக வரிசையில் நின்றவர்களுக்கு அனுமதி என்ற சொல்லே கசப்பானது. இருந்தும் இந்த 300 என்ற எண்ணிக்கையில் எனக்கு நியாயம் தெரிகிறது. லொத்தர் யாருடைய பெயரையும் ஊரையும் பார்ப்பதில்லை. விண்ணப்பக் கட்டணம் 10 டொலர். கிடைத்தால் ஆளுக்கு மேலும் 10 டொலர்.

எனக்கு உறுத்தலாக இருப்பது வேறொன்று. பூங்காவுக்குள் வாகனத்தில் நுழைவதற்கான முன்பதிவு 2020 இல் நோய்ப் பரவல் காரணமாக வந்தது. 2021, 2022 இல் நீடித்தது. 2023 இல் நீக்கப்பட்டது. 2024, 2025 கோடைகளில் நெரிசலான நாட்களுக்கும் நேரங்களுக்கும் திரும்பி வந்தது. ஒவ்வோர் ஆண்டும் விதி மாறுவதால், சென்ற வருடம் போய்வந்தவரின் சொல்லை நம்பிப் புறப்படாதீர்கள். 2025 நவம்பரிலோ அமெரிக்க உள்துறைத் திணைக்களம் மற்றோர் அறிவிப்பை விடுத்தது. 2026 ஜனவரி முதல், ஆண்டுச் சீட்டு இல்லாத வெளிநாட்டவர், யொசெமிற்றி உள்ளிட்ட 11 பூங்காக்களில் வழமையான கட்டணத்துக்கு மேலதிகமாக ஆளுக்கு 100 டொலர் செலுத்த வேண்டும்; வெளிநாட்டவருக்கான ஆண்டுச் சீட்டு 250 டொலர். ரொறன்ரோவிலிருந்து நான்கு பெரியவர்கள் வந்தால் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். இதனால் கூட்டம் குறையலாம். ஆனால் பணம் உள்ளவனுக்குக் காட்சி என்ற ஐரோப்பிய வழக்கத்தைத்தான் ஓம்ஸ்டெட் 1865 இல் கண்டித்தார். குலுக்கல் முறையில் ஏமாற்றம் எல்லோருக்கும் ஒன்று. விலை முறையில் அவ்வாறல்ல.

திட்டமிடுவோருக்குச் சில குறிப்புகள். அருவிகளைப் பார்ப்பதானால் மே, ஜூன் மாதங்களில் போய்விடுங்கள். ஓகஸ்றில் யொசெமிற்றி அருவி பெரும்பாலும் வற்றிவிடுகிறது. கோடையின் பிற்பகுதியில் காட்டுத்தீயின் புகைக்கும் இடமுண்டு. திங்கள் முதல் வியாழன் வரையான நாட்களைத் தெரிந்துகொள்ளுங்கள். மெர்செட் நகரிலிருந்து பஸ்ஸில் சென்றால் வாகனத் தரிப்பிடத் தொல்லை இல்லை. பனி விலகித் தியோகா வீதி திறந்ததும், 2,600 மீற்றர் உயரத்திலுள்ள துவாலமி புல்வெளிப் பக்கம் போகலாம். பள்ளத்தாக்கின் நெரிசலில் ஒரு பங்குதான் அங்கு. தெனாயா ஏரியும் அந்த வழியில்தான் இருக்கிறது. குழந்தைகளுடன் செல்பவர்கள் அதன் பழைய பெயரையும் சொல்லிக்கொடுங்கள்.

பள்ளத்தாக்கிலேயே நடப்பதானால், யொசெமிற்றி அருவியின் மேற்பகுதிக்கு ஏறும் பாதை நான்காம் முகாமுக்கு அருகே தொடங்குகிறது. அதற்குச் சற்று மேற்கே அவானீச்சி வழிவந்தவர்களின் கடைசிக் கிராமம் இருந்தது. விடுதிகளிலும் பூங்கா வேலைகளிலும் அமர்ந்து, பள்ளத்தாக்கை விட்டுப் போகாமல் தங்கியிருந்தவர்கள் அவர்கள். பூங்காவில் வேலை செய்பவரின் குடும்பம் மட்டுமே அங்கு இருக்கலாம் என்ற விதியால் வீடுகள் ஒவ்வொன்றாக வெறுமையாகின. எஞ்சியிருந்த வீடுகள் 1969 இல், தீயணைப்புப் பயிற்சிக்காக, எரிக்கப்பட்டன. அதே இடத்தில் வழிபாட்டு வட்டமனையையும் மரப்பட்டை வீடுகளையும் மீண்டும் அமைப்பதற்குப் பூங்கா நிர்வாகமும் தெற்குச் சியரா மீவொக் மக்களும் 2018 இல் உடன்படிக்கை செய்துகொண்டார்கள். வஹோகா என்பது அந்தக் கிராமத்தின் பெயர்.