மார்ச் மாதத்துச் சகுரா: ஜப்பானின் பிரிவுப் பாடல்கள்

ஜப்பானில் பள்ளி, கல்லூரி, அரசு அலுவலகம், பல நிறுவனங்கள் எல்லாவற்றுக்கும் ஆண்டுக்கணக்கு ஏப்ரல் 1-ல் தொடங்கி மார்ச் 31-ல் முடிகிறது. படிப்பை முடித்தவர்கள் ஊரைவிட்டுக் கிளம்புவதும், ஊழியர்கள் மாற்றலாகிப் போவதும் மார்ச்சில்தான். அந்த மாதத்தை ஒட்டிச் சகுரா என்னும் செர்ரி மலர் பூக்கிறது. பூவையும் பிரிவையும் சேர்த்துப் பாடும் பாடல்கள் பிப்ரவரி தொடங்கியதும் கடைகளிலும் வானொலியிலும் கேட்கத் தொடங்கிவிடும். இந்தச் சேர்க்கை தொன்றுதொட்டு வந்த மரபு என்றே பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் பூ பழையது, பள்ளிப் பிரிவு புதியது. பாட்டில் இரண்டும் நிலையாகச் சேர்ந்தது அதைவிடப் புதியது.

எட்டாம் நூற்றாண்டில் தொகுக்கப்பட்ட மன்யோஷூ என்னும் கவிதைத் தொகுப்பில் சகுராவைவிட, சீனத்திலிருந்து வந்த உமே மலருக்கே பாடல்கள் அதிகம். பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அரச ஆணைப்படி தொகுக்கப்பட்ட கொக்கின்ஷூவில் நிலைமை தலைகீழானது. வசந்தப் பாடல்களில் பூ என்றாலே சகுரா என்று ஆயிற்று. மலர்வதைவிட உதிர்வதையே அந்தப் புலவர்கள் விரும்பிப் பாடினார்கள். நிலையாமைதான் அவர்கள் பொருள். இன்னொரு மனிதரிடம் விடைபெறுவதற்கு அதில் சிறிய இடமே இருந்தது.

இன்று உலகெங்கும் ஜப்பானிய இசையின் அடையாளமாக ஒலிக்கும் ‘சகுரா சகுரா’ எடோ காலத்தில் கோத்தோ யாழ் பழகத் தொடங்குவோருக்கான பயிற்சி மெட்டு. தோக்கியோ இசைப்பள்ளி 1888-ல் வெளியிட்ட கோத்தோ இசைத் தொகுப்பில் அது அச்சேறியது. 1941-ல் பாடநூலுக்காக அதன் வரிகளை மாற்றினார்கள். ஐந்தே சுரங்களில் அமைந்த மெட்டு அது. கர்நாடக சுத்த சாவேரியின் சுரங்களை அறிந்த காதுக்கு உடனே பழக்கமாகிவிடும். அந்தப் பாட்டிலும் பிரிவு இல்லை. பூப் பார்க்கப் போகலாம் என்ற அழைப்பு மட்டுமே உண்டு.

பள்ளியில் பாடி விடைபெறும் வழக்கம் மேய்ஜி அரசு கொண்டுவந்தது. 1879-ல் கல்வி அமைச்சகம் இசை ஆய்வுக்கென ஒரு துறையை நிறுவியது. அதை நடத்திய இசாவா ஷூஜி, பாஸ்டனிலிருந்து லூதர் வைட்டிங் மேசன் என்ற இசையாசிரியரை வரவழைத்தார். மேலை மெட்டுகளுக்கு ஜப்பானிய வரிகள் எழுதப்பட்டன. ஸ்காட்லாந்தின் ‘ஆல்ட் லாங் சைன்’ மெட்டு ‘ஹோத்தாரு நோ ஹிக்காரி’ ஆனது. 1881 என்று தேதியிட்ட முதல் பாடல் தொகுப்பிலேயே அது இடம்பெற்றது. 1884-ல் வந்த மூன்றாம் தொகுப்பில் ஆசிரியருக்கு நன்றி சொல்லும் ‘ஆவோகெபா தோத்தோஷி’ வந்தது. இதன் மூலம் எதுவென்று நூற்றாண்டுக்கு மேல் யாருக்கும் பிடிபடவில்லை. 1871-ல் அமெரிக்காவில் அச்சான ஒரு பள்ளிப் பாடல்தான் மூலம் என்று 2011-ல் ஆய்வாளர் ஒருவர் கண்டுபிடித்தார். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு இரண்டு பாடல்களும் சுருங்கின. முதலாவதில் நாட்டின் எல்லைகளைச் சொல்லும் பகுதியும், இரண்டாவதில் உலகில் உயர்ந்து பேர் எடுக்கச் சொல்லும் பகுதியும் பல பள்ளிகளில் கைவிடப்பட்டன. ‘ஹோத்தாரு நோ ஹிக்காரி’யின் மெட்டோ கடைவீதிக்கும் போய்ச் சேர்ந்தது. இரவில் கடை மூடும் நேரத்தை அறிவிக்க, அதன் மூன்றுதாள வடிவத்தை இன்றும் ஒலிபரப்புகிறார்கள்.

ஜப்பானைப் பள்ளி வாசலில் அழவைத்த இந்த இரண்டு பாடல்களிலும் சகுரா கிடையாது. அவை எழுதப்பட்டபோது பள்ளியாண்டு ஏப்ரலில் தொடங்கவுமில்லை. 1886-ல் அரசின் நிதியாண்டு ஏப்ரலுக்கு வந்தது. அதே ஆண்டில் படைக்கு ஆள் பதியும் காலமும் ஏப்ரலுக்கு மாற, நல்ல இளைஞர்களைப் படையிடம் இழக்காமலிருக்க ஆசிரியர் பயிற்சிப் பள்ளிகளும் ஏப்ரலுக்கு நகர்ந்தன. மற்றப் பள்ளிகள் படிப்படியாகப் பின்தொடர்ந்தன. தோக்கியோ பேரரசுப் பல்கலைக்கழகம் 1921-ல்தான் மாறியது. மரமும் இதே காலத்தில் பெருகியது. எடோவின் (இன்றைய தோக்கியோ) சோமேய் ஊர்த் தோட்டக்காரர்கள் பரப்பிய சோமேய் யோஷினோ வகைக்கு 1900-ல் அந்தப் பெயர் கிடைத்தது. அதன் மரங்கள் எல்லாம் ஒட்டுக்கட்டி வளர்க்கப்பட்டவை, மரபணுவில் ஒன்றே. எனவே ஒரே ஊரில் ஒரே சமயத்தில் பூத்து ஒரே சமயத்தில் உதிரும். பள்ளி முற்றங்களிலும் ஆற்றங்கரைகளிலும் அது நடப்பட்டது. இசையமைப்பாளர் தாக்கி ரென்தாரோ 1900-ல் சுமிதா ஆற்றின் வசந்தத்தைப் பாட்டாக்கியபோதும் அது களிப்பின் பாட்டாகவே இருந்தது.

பூவும் பிரிவும் இறுகப் பிணைந்தது முதலில் போரில். 1938-ல் ஒரு சிறுமியர் இதழில் சாய்ஜோ யாசோ எழுதிய கவிதையின் திருத்திய வடிவமான ‘தோக்கி நோ சகுரா’, சேர்ந்து படித்தவர்கள் சேர்ந்தே உதிர்வதைப் பாடியது. தற்கொலைத் தாக்குதல் வீரர்களின் பாட்டாக அது நின்றுவிட்டது. கடற்படையின் தற்கொலை விமானம் ஒன்றுக்கே சகுராவின் பெயர் இடப்பட்டது. போர் முடிந்து பல ஆண்டுகள் வரை சகுராவையும் விடைபெறுதலையும் சேர்த்துப் பாடுவதில் ஒரு தயக்கம் இருந்ததற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம்.

எழுபதுகளின் பிரிவுப் பாட்டில் வேறு காட்சிகள் வந்தன. ‘நகோரியுக்கி’யில், தோக்கியோவை விட்டுப் போகும் பெண்ணை ரயிலடியில் வழியனுப்பும்போது பருவம் தப்பிய பனி விழுகிறது. ககுயாஹிமே குழு 1974-ல் பதிவுசெய்த அந்தப் பாட்டை, மறு ஆண்டு பாடகி இருக்கா பாடிப் புகழாக்கினார். அராய் யூமியின் ‘சோத்சுக்யோ ஷாஷின்’ பழைய பள்ளிப் படத்தைப் பார்ப்பவரின் பாட்டு. 1985-ன் முதல் இரண்டு மாதங்களில் ஓசாக்கி யுத்தாக்கா, சாயிட்டோ யூக்கி, கிக்குச்சி மொமொக்கோ மூவரும் ‘சோத்சுக்யோ’ (படிப்பு நிறைவு) என்ற ஒரே தலைப்பில் தனித்தனிப் பாடல்களை வெளியிட்டார்கள். ஓசாக்கியுடையது பள்ளியை எதிர்த்த குரல். மற்ற இரண்டும் மென்மையான காதல் பிரிவு. 1991-ல் சய்த்தாமா மாகாணம் சிச்சிபுவின் ககேமோரி நடுநிலைப் பள்ளியில் தலைமையாசிரியர் கொஜிமா நோபோரு வரிகள் எழுத, இசையாசிரியை மெட்டமைத்து, படிப்பை முடிக்கும் மாணவருக்கு ஆசிரியர்கள் ‘தபிதாச்சி நோ ஹி நி’யைப் பாடிக் காட்டினார்கள். அன்று ஒருநாளைக்கென்று எழுதிய அந்தப் பாட்டு நாடெங்கும் பரவி, பழைய இரண்டு பாடல்களையும் பின்னுக்குத் தள்ளியது. அதிலும் சகுரா இல்லை, மலையும் பறவையும்தான் உண்டு.

சகுரா பாட்டுச் சந்தை சூடுபிடித்தது 2000-க்குப் பிறகு. ஃபுக்குயாமா மசஹாருவின் ‘சகுராசாக்கா’ 2000-ல் 20 லட்சத்துக்கும் மேல் விற்றது. 2003 மார்ச்சில் வெளியான மொரியாமா நாவோத்தாரோவின் ‘சகுரா’ மெதுவாக ஏறி விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. 2005-ல் கேத்சுமேய்ஷி, நகாஷிமா மிக்கா, கோபுக்குரோ என்று வரிசை கட்டினார்கள். கோபுக்குரோ மட்டும் தம் சகுராவை நவம்பரில் வெளியிட்டார்கள். 2006-ல் இக்கிமோனோகக்காரி, ஏகேபி48 இரு குழுக்களும் சகுரா பாடல்களுடனேயே அறிமுகமாயின. ஒருமுறை வென்ற பாட்டு ஆண்டுதோறும் வசந்தத்தில் திரும்ப விற்கும் என்பதைக் கண்டுகொண்ட நிறுவனங்கள் விடவில்லை. பூவின் பெயரே தலைப்பாக இருந்தால் விளம்பரம் பாதி முடிந்தது. அவற்றின் தரம் ஒரே சீராக இல்லை. மொரியாமாவின் பாட்டு, ஏறத்தாழ வெறும் பியானோவுடன் நிற்பதாலேயே மற்றவற்றைவிட நீடிக்கிறது. இதற்கிடையே ரெமியோரோமென் குழு நண்பரின் திருமணத்துக்காக எழுதிய ‘சங்கத்சு கொக்கோனோக்கா’, ஒரு தொலைக்காட்சித் தொடரில் ஒலித்த பிறகு பள்ளி விழாப் பாட்டாகிவிட்டது.

பாட்டுக்கும் நாட்காட்டிக்கும் இன்னும் முழுப் பொருத்தம் இல்லை. பள்ளி நிறைவு விழாக்கள் பெரும்பாலும் மார்ச்சின் முதல் மூன்று வாரங்களில் நடக்கின்றன. தோக்கியோவில் 1991–2020 சராசரிப்படி முதல் பூ மார்ச் 24-ல் விரிகிறது. ஹொக்கைதோவில் அது ஏப்ரல் கடைசியிலோ மே மாதத்திலோதான். பாட்டில் இதழ் உதிரும் நாளில் பெரும்பாலான பள்ளி முற்றங்களில் மொட்டுகளே இருக்கும். வெப்பம் கூடக் கூடப் பூக்கும் நாள் முன்னால் நகர்கிறது. 2020, 2021, 2023 ஆகிய ஆண்டுகளில் தோக்கியோவில் மார்ச் 14-லேயே சகுரா பூத்துவிட்டது.