விலை குறைந்த தேயிலையை ஏன் கொட்டினார்கள்?

நேற்று மகள் பாடப்புத்தகத்தோடு வந்தாள். "1773ல டீ விலை குறைஞ்சுதாம். அப்புறம் ஏன்ப்பா பாஸ்டன்காரங்க கடல்ல கொட்டினாங்க?"

நியாயமான கேள்வி. பதிலுக்கு 1765க்குப் போகவேண்டும். ஏழாண்டுப் போரில் கடன்பட்ட பிரிட்டன், அமெரிக்காவில் நிறுத்திய படைக்குச் செலவிட முத்திரைத்தாள் சட்டம் கொண்டுவந்தது. பத்திரம், செய்தித்தாள், சீட்டுக்கட்டு எல்லாவற்றுக்கும் வரி. குடியேறிகள் தொகையைப் பற்றி மட்டும் சண்டை போடவில்லை. நாங்களும் ஆங்கிலேயர்கள், எங்கள் பிரதிநிதி சம்மதிக்காமல் எங்கள் மடியில் கைவைக்கக்கூடாது என்றார்கள். 1215ன் மாக்னா கார்ட்டா, 1628ன் உரிமை மனு, 1689ன் உரிமைச் சட்டம் எல்லாம் லண்டன் தந்த ஆயுதங்கள்தான். அவை மன்னரைக் கட்டுப்படுத்தின. இப்போது வரி போட்டதோ நாடாளுமன்றமே!

லண்டன் சொன்ன பதில்: மான்செஸ்டருக்கும் பர்மிங்காமுக்கும்கூடத்தான் உறுப்பினர் இல்லை; ஆனாலும் நாடாளுமன்றம் எல்லோருக்கும் பொதுவானது. மேரிலாந்து வழக்கறிஞர் டேனியல் டுலானி இதை மடக்கினார். இங்கிலாந்தில் ஓட்டு இல்லாதவன்மேல் போடும் வரி, ஓட்டு உள்ளவன் தலையிலும் விழும். அமெரிக்காவின் மேல் போடும் வரியோ அவனுடைய சுமையைக் குறைக்கும். பிறகு அவன் எப்படி எங்களுக்காகப் பேசுவான்?

1766ல் சட்டம் ரத்தானது. அதே நாளில், குடியேற்றங்களுக்கு எந்தச் சட்டமும் இயற்றத் தனக்கு அதிகாரம் உண்டு என்று நாடாளுமன்றம் இன்னொரு சட்டமும் போட்டுக்கொண்டது. 1773ல் கிழக்கிந்தியக் கம்பெனியின் தேங்கிய சரக்கை விற்க வழிசெய்தபோது விலை குறைந்தது. பவுண்டுக்கு 3 பென்ஸ் வரி மட்டும் அப்படியே இருந்தது. வாங்கிக் குடித்தால் அந்த அதிகாரத்தை ஒப்புக்கொண்டதாகிவிடும். டிசம்பர் 16 இரவு 342 பெட்டிகள் கடலுக்குப் போயின.

இதில் இன்னொரு சங்கதி. அதே 1765ல்தான் அதே கம்பெனி வங்காளத்தில் வரி வசூலிக்கும் திவானி உரிமையைப் பெற்றது. அங்கே யாருடைய சம்மதத்தையும் கேட்கவில்லை. அமெரிக்காவிலும் சுதந்திரம் பேசிய பலர் அடிமைகளை வைத்திருந்தார்கள். ஆங்கிலேயரின் உரிமை எல்லோருக்குமான உரிமையாக இருக்கவில்லை.

மகளுக்குப் புரிந்தது. எனக்குத்தான் உறுத்தியது. பதினோரு வருடமாகப் புனேயில் வீட்டு வரி கட்டுகிறேன். வாக்காளர் பட்டியலில் பெயர் இன்னும் ஊரில்தான் இருக்கிறது. அவர்களுக்கு மறுக்கப்பட்டது எனக்கு ஒரு விண்ணப்பத் தூரத்தில் கிடக்கிறது. இந்த வாரம் கொடுத்துவிடப் போகிறேன். நீங்கள்?