கிளங்கன் பங்களாவும் பெயரில்லாத முகங்களும்

நோட்டன் பிரிட்ஜ் பக்கத்து மக்களுக்கு டிக்கோயா கிளங்கன் என்றால் ஆஸ்பத்திரிதான் ஞாபகத்துக்கு வரும். நூற்றைம்பது வருஷத்துக்கு முந்தி அது கோப்பித் தோட்டம். அந்தத் தோட்டத்து பங்களாவில்தான் 1879 ஜனவரி 26ஆம் திகதி ஜூலியா மார்கரெட் கமரன் காலமானார். டார்வினையும் கவிஞர் டெனிசனையும் படமெடுத்துப் புகழ்பெற்றவர்.

அவருடைய கணவர் சார்ள்ஸ் ஹே கமரன் நம் பிள்ளைகளின் வரலாற்றுப் பாடத்தில் வருகிறவர். இராஜகாரியத்தை ஒழிக்கச் சொன்ன கோல்புறூக் - கமரன் ஆணைக்குழுவின் கமரன் அவரேதான். பிறகு மலைநாட்டில் காணி வாங்கினார். 1869இல் தொடங்கிய இலைநோய் கோப்பியைத் தின்றுகொண்டிருந்த காலத்தில், 1875இல், இருவரும் இங்கே குடிவந்தனர். இருவரின் கல்லறையும் பொகவந்தலாவை புனித மரியாள் ஆலயத்தில் இருக்கிறது.

இங்கே அம்மையார் எடுத்த படங்களில் முப்பதுக்கும் குறைவானவையே எஞ்சியுள்ளன. அவற்றில் தோட்டத்துச் சனங்களும் இருக்கிறார்கள். டார்வின் படத்துக்கு டார்வின் என்று பெயர். நம் மலையகப் பெண்ணின் படத்துக்கோ 'இலங்கைப் பெண்' என்கிற மாதிரித் தலைப்புத்தான். முகம் இருக்கிறது, பெயர் இல்லை.

பங்களாவின் கதையைத் துரைமார் எழுதிவைத்தார்கள். லயத்தின் கதையை யார் எழுதியது? தோட்டத்துக் கடைவீதிகளில் நம்மவர் வைத்திருந்த கடன் கொப்பிகளில் லயத்து மனிதர்களின் பெயர்கள் இருந்தன. இன்னார், இன்ன லயம், இவ்வளவு அரிசி என்று. உங்கள் வாப்பா, அப்பாமாரின் பெட்டியில் அப்படியொரு கொப்பி கிடந்தால், தயவுசெய்து பழைய கடதாசிக்காரனிடம் போட்டுவிடாதீர்கள்.