இருவர் வளர்த்த தந்தை

ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களுக்குப் பாசமும் கடமையும் மோதும் தர்மசங்கடம் புதிதன்று. வடபத்ரசாயிக்குப் புஷ்ப கைங்கரியம் புரிந்த பெரியாழ்வார், தாம் தொடுத்த மாலையை அருமை மகள் கோதை சூடிப் பார்த்ததைக் கண்டு அவளைக் கடிந்துகொண்டு, அன்று பெருமாளுக்கு அதைச் சாத்தாமலே விட்டார் என்பது அவ்வூரின் ஐதிகம். சூடிய மாலையே தமக்கு உகந்ததென்று பகவான் கனவில் வந்து அருளியதால் அந்தச் சங்கடம் தீர்ந்தது. திருவாரூரில் கன்றுக்கு நீதி வழங்க மகனைத் தேர்க்காலில் இட்ட மனுநீதிச் சோழனுக்கும் இறையருளே துணைநின்று, மாண்ட கன்றையும் மைந்தனையும் மீட்டுத் தந்தது. அருள் குறுக்கிடாத ஓர் உலகில் இத்தகைய தந்தையின் கதி என்னவாகும் என்ற வினாவை எழுப்பிய படம், 1974-ஆம் ஆண்டு பி. மாதவன் இயக்கத்தில் வெளிவந்த ‘தங்கப்பதக்கம்’.

அப்படத்தின் பூர்வ சரித்திரம் பலர் அறியாதது. எழுத்தாளர் மகேந்திரன் நடிகர் செந்தாமரைக்காக எழுதிய ‘இரண்டில் ஒன்று’ என்னும் நாடகத்தில், காவல் அதிகாரி எஸ்.பி. சௌத்ரியாக முதன்முதல் காக்கிச் சட்டை அணிந்து மேடையேறியவர் செந்தாமரையே. அதைக் கண்டு மனம் பறிகொடுத்த சிவாஜி கணேசன், ‘தங்கப்பதக்கம்’ என்னும் பெயரில் தம் நாடக மன்றத்தின் வாயிலாக அதை மேடையேற்றி நடித்து, பின்னரே திரைக்குக் கொண்டுவந்தார். ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’, ‘வியட்நாம் வீடு’ ஆகியவையும் அவ்வாறு மேடையில் கனிந்த பின்பே திரையை எட்டியவை. ரசிகர்களின் மௌனத்தையும் கரகோஷத்தையும் நேரில் கேட்டு, எங்கே குரலை உயர்த்துவது, எங்கே அடக்குவது என்று இரவுக்கு இரவு திருத்திக்கொள்ளும் வாய்ப்பை நாடகக் கலை நடிகனுக்கு நல்கிற்று.

சிறுவயதில் தவறிழைத்த மகன் ஜகனைச் சீர்திருத்தப் பள்ளிக்கு அனுப்பும் சௌத்ரி, வளர்ந்தபின் தேசத்துரோகியாகிவிட்ட அவனைத் தம் கையாலேயே சுட்டு வீழ்த்துகிறார். ஜகனாக ஸ்ரீகாந்த் காட்டிய தணியாத வன்மமும், இருவருக்குமிடையே அல்லலுறும் தாயாக கே.ஆர். விஜயா வெளிப்படுத்திய சாந்தமும் இல்லையேல், அந்த விறைப்பான உத்தியோகஸ்தரின் நெஞ்சுக்குள் நிகழும் போராட்டம் நமக்கு விளங்கியிராது. வீரவசன கர்ஜனைக்குப் பேர்போன சிவாஜி, இதிலே சொல்லைக் குறைத்து, நிமிர்ந்த நடையாலும் அடக்கிய துயரத்தாலும் அப்போராட்டத்தைப் புலப்படுத்தினார். 1982-இல் இந்தியில் வெளிவந்த ‘சக்தி’யிலும் காவல் அதிகாரியான தந்தை, வழிதவறிய மகன் என்னும் இதே முரண்பாட்டைத் திலீப் குமாரும் அமிதாப் பச்சனும் நடித்துக் காட்டினர்.

அதே 1982-இல் வெளிவந்த ‘மூன்று முகம்’ படத்தில் செந்தாமரை, காவல் அதிகாரியான அலெக்ஸ் பாண்டியனை எதிர்க்கும் ஏகாம்பரமாகத் தோன்றினார். சட்டத்தின் பிரதிநிதியாக மேடையில் நின்றவரைத் திரையுலகம் வில்லனாகவே நினைவில் வைத்தது. சிவாஜியின் மேதைமைக்கு எவ்விதக் குறைவும் நேராமலே, சௌத்ரிக்கு முதலில் உயிர் கொடுத்தவரின் பெயரையும் நாடக சரித்திரத்தில் சேர்த்து எழுதலாம். தயாராக இருந்த ஒரு பாத்திரத்தின் பெருமையைக் கண்டுகொண்டதும் அம்மேதைமையின் ஓர் அம்சமே அன்றோ?